படகு உள்ளே, ட்ரெய்லர் வெளியே

அக்டோபர் பாதி தாண்டினால் கனடாவின் ஒன்டாரியோவில் படகு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். என்ஜினில் சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாது, பெட்ரோல் டேங்க்கில் ஸ்டெபிலைசர் ஊற்றியாச்சா, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனாயா, கியர் ஆயில் மாற்றினாயா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வார்கள். பெரிய படகாக இருந்தால் வெள்ளை பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டிச் சுருக்கி, தலை முதல் கால் வரை போர்த்திவிடுவார்கள். கோடை முழுவதும் அந்தப் படகைச் சுமந்த, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்களிடம் இருப்பது 16 அடி அலுமினியப் படகு. நானும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் சேர்ந்து வாங்கியது. டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போவோம். பனிக்காலத்தில் படகை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையின் களஞ்சியத்தில் விட்டுவிடுகிறோம். அங்கே அடிக்கணக்கில் வாடகை. ட்ரெய்லரோடு நிறுத்தினால் இடம் வீணாகிறது என்பதால் படகை மட்டும் ஃபோர்க்லிஃப்டில் தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்துவிட்டு, ட்ரெய்லரை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை டொராண்டோவின் ஸ்கார்பரோவில் என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. ஏப்ரல் கடைசி வரை வெட்டவெளிதான். கூரை கிடையாது.

முதல் முறை நான் ஜாக்கியும் கிரீஸ் டப்பாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து நண்பர் சிரித்தார். "என்ன அண்ணை, சும்மா நிக்கிற சாமானுக்கு என்ன வரப்போகுது? ஓடினாத்தானே தேயும்?"

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ட்ரெய்லர் விஷயத்தில் நிலைமை நேர் எதிர். அதில் கெட்டுப்போகிற சாமான்களில் பாதிக்கு மேல் ஓட்டத்தால் தேய்வதில்லை, நின்றே போகின்றன. டயர், பேரிங், விளக்கு, ஆக்சிலோடு சேர்ந்த ஸ்பிரிங் பட்டை என்று எதை எடுத்தாலும் ஆறு மாத ஓய்வு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தின்னும். அதிலும் காலி ட்ரெய்லருக்குத் தனித் தொல்லைகள் உண்டு. மேலே படகு இருந்தால் அதுவே பாதிப் பனியைத் தாங்கிக்கொள்ளும். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடவும் எவனுக்கும் வராது.

பேரிங்கிலிருந்தே தொடங்குகிறேன். செலவும் ஆபத்தும் அங்கேதான்.

நெடுஞ்சாலை 404-இல் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனால் சக்கரத்தின் ஹப், அதாவது பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் நடுக்குடம், நன்றாகச் சூடாகிவிடும். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? சூடு ஆறுவதற்குள் ரேம்ப்பில், அதாவது படகு இறக்கும் சரிவில், பின்னால் தள்ளி, ஹப் முழுகும்படி குளிர்ந்த தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். வெளியே இருப்பது தண்ணீர். ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், தண்ணீர் உள்ளே. கோடை முழுக்க ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரிய கேடு இல்லை. பேரிங்கின் உருளைகள் சுற்றச் சுற்ற கிரீஸ் புதிதாகப் பூசப்பட்டுக்கொண்டே இருக்கும், சூட்டில் கொஞ்சம் ஈரமும் போகும். நவம்பரில் நிறுத்திவிட்டால்தான் வினை. உருளையும் அது ஓடும் வெளி வளையமான கப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கோட்டில் எடை அழுத்தி அழுத்தி கிரீஸ் விலகிவிடும். அந்த இடத்தில் ஈரம் போய் உட்காரும். மே மாதம் திறந்து பார்த்தால் கப்பின் உட்புறத்தில் சம இடைவெளியில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் குளிர்காலம் முழுவதும் ஓர் உருளை அசையாமல் நின்ற இடம். துடைத்தால் போகாது. நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டும். அப்புறம் அந்தக் கப்பில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போவது கரடுமுரடான தளத்தில் உருளைகளை ஓட்டுவதுதான். ஜூலைக்குள் சக்கரம் ஊளையிட ஆரம்பிக்கும்.

இங்கே கிரீஸ் வேலையை வசந்தத்தில் செய்வதுதான் வழக்கம். சீசன் தொடங்குவதற்கு முன் புது கிரீஸ் என்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் தண்ணீர் கலந்த கிரீஸை ஆறு மாதம் உள்ளேயே ஊறவிட்டு, கோடு விழுந்த பிறகு புது கிரீஸ் போட்டு என்ன பயன்? சீசன் முடிந்ததும், உறைபனிக்கு முன், இலையுதிர் காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை.

நாங்கள் வாங்கிய ட்ரெய்லர் பழையது. முதல் இலையுதிர் காலத்தில் ஹப்பைத் திறந்தபோது பார்த்ததை இன்னும் சிலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூசி மூடியை ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டிக் கழற்றினேன். நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்து, ஹப்பை முன்பக்கம் லேசாக இழுத்ததும் வெளிப் பேரிங் தானாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதிலிருந்த கிரீஸ் நீலமாக இருந்திருக்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீரும் கிரீஸும் குழைந்தால் இந்த நிறம்தான் வரும், வேறு சாட்சி தேவையில்லை. பின்பக்க ஆயில் சீலை நெம்பி எடுத்தபோது அதன் உதட்டில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ரப்பரே இல்லை.

அப்புறம் செய்ய வேண்டியது அழுக்கான வேலை, கடினமானதில்லை. பேரிங்குகளைத் தின்னரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலரவிட வேண்டும். கம்ப்ரசர் காற்றை அடித்து பேரிங்கைச் சுற்றவிட்டு உலர்த்துவது சிலருக்கு ஒரு விளையாட்டு. உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்தால் அவை தோட்டா மாதிரி பறக்கும், வேண்டாம். உலர்ந்ததும் உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது. ஆயில் சீலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, சில டாலர் சமாச்சாரம். ஹப்பை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் தளர்த்தி, விரலால் முறுக்கும் இறுக்கத்தில் விட்டு காட்டர் பின்னைப் போட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பேரிங் வெந்துவிடும்.

ஹப்பின் முனையில் ஸ்பிரிங் வைத்த மூடி போட்டுவிட்டால், கிரீஸ் கன்னால் நாலு அழுத்து அழுத்தினால் போதும் என்பார்கள். பேரிங் பட்டி (Bearing Buddy) என்ற பெயரில் பிரபலமான சாமான் அது. நல்ல யோசனைதான். உள்ளே எப்போதும் சிறிது அழுத்தம் இருப்பதால் தண்ணீர் புகுவது குறையும். ஆனால் கிரீஸ் முன்பக்கத்தில்தான் ஏறுகிறது. பின்பக்கப் பேரிங்கில் இருக்கும் பழைய கிரீஸ் அங்கேயேதான் கிடக்கும். ஆசைப்பட்டு அதிகமாக அழுத்தினால் பின் சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த மூடி சீசனுக்கு நடுவில் உதவும். இலையுதிர் கால வேலையை அது செய்யாது.

சரி, டயர். 60 பிஎஸ்ஐ காற்று அடித்த டயர் 25 டிகிரி வெயிலிலிருந்து மைனஸ் 15-க்கு வந்தால், ஓட்டையே இல்லாமல் 50-க்கு இறங்கிவிடும். அது வெறும் இயற்பியல், பயப்பட ஒன்றுமில்லை. நிஜக் கேடு ரப்பருக்குள் நடக்கிறது. ஓசோனிலிருந்து காக்க டயர் ரப்பரில் ஒரு வகை மெழுகும் ரசாயனமும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, நெளிந்து, மடங்கும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். நின்றுபோனால் வராது. அதனால்தான் தினமும் ஓடும் கார் டயர் தேய்ந்து சாகிறது, ட்ரெய்லர் டயர் பட்டனும் பள்ளமும் தேயாமல் இருக்கும்போதே பக்கச்சுவர் வெடித்துச் சாகிறது. ட்ரெய்லர் டயர் வாங்கும்போது பள்ளத்தைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்று இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியதென்றால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் நெடுஞ்சாலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

நாங்கள் சக்கரங்களையே கழற்றிவிடுகிறோம். ஆக்சிலுக்குக் கீழே, பட்டையைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டுக்கு ஒட்டிய இடத்தில், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து ட்ரெய்லரை நிறுத்திவிட்டு, சக்கரங்களை கராஜில் அடுக்கிவிட்டால் முடிந்தது. டயரில் எடை இல்லை, வெயில் இல்லை. தவிர, சக்கரமில்லாத ட்ரெய்லரைத் திருடுவது சிரமம். காலி ட்ரெய்லர் என்பது எந்த பிக்கப் டிரக்கும் இரண்டு நிமிஷத்தில் மாட்டி இழுத்துப் போகக்கூடிய பொருள். கொக்கியில் பூட்டுப் போடுவது நல்லதுதான், ஆனால் பேட்டரியில் ஓடும் கிரைண்டர் கையில் இருப்பவனுக்கு அந்தப் பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டையும் செய்கிறோம். ஹப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிட்டால் மரைகள் துருப்பிடிக்காது.

அடுத்தது உப்பு. பண்ணையில் படகை இறக்கிவிட்டு வெறும் ட்ரெய்லரோடு நாம் வீடு திரும்பும் நாள் பெரும்பாலும் நவம்பர் தொடக்கம். சில வருஷங்களில் அதற்குள் சாலையில் உப்பு இறங்கியிருக்கும். ஒன்டாரியோவில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஹூரான் ஏரிக்கரையில் கோடரிச் என்ற ஊரில், ஏரியின் அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது அதுதான். 1866-இல் எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்கு உப்பு கிடைத்ததில் தொடங்கிய கதை. நன்னீர் ஏரியில் மட்டுமே மீன் பிடிப்பவனின் ட்ரெய்லருக்கு உப்பரிப்பு வருவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் உப்பு வீடு தேடி வருகிறது.

ஆகவே கொண்டுவந்த அன்றே கழுவ வேண்டும். இதற்கு ஒரு கெடு உண்டு. இங்கே குளிர் இறுகுவதற்கு முன் வீட்டின் வெளிக்குழாயை உள்ளிருந்தே மூடி, தண்ணீரை வடித்துவிடுவார்கள். இல்லையென்றால் குழாய் வெடிக்கும். அது மூடிய பிறகு ட்ரெய்லரைக் கழுவ வழியில்லை. எங்கள் வீட்டில் குழாயை மூடும் நாள்தான் ட்ரெய்லர் வேலைக்கும் கடைசி நாள். ஹோஸை வைத்து மேலே மேலே நனைத்துவிட்டு வருவது கழுவுவதாகாது. பட்டைகளின் இடுக்கு, ஆக்சிலின் மேற்புறம், சட்டத்தின் உள்மூலைகள், இங்கெல்லாம் நிதானமாகப் பீய்ச்ச வேண்டும். உலர்ந்ததும் பட்டையிலும் போல்ட்டுகளிலும் லானோலின் கலந்த ஃப்ளூயிட் ஃபில்ம் மாதிரி ஏதாவதொன்றை அடித்துவிடலாம். ஆட்டு ரோமத்துக் கொழுப்பு அது, நாற்றம் கொஞ்சம் இருக்கும். டயரிலும் மரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவும்போதே ஆக்சிலில் சுற்றியிருக்கும் ஏரிச் செடிகளையும் பிய்த்தெறிய வேண்டும். ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பரவாமலிருக்க, படகு, ட்ரெய்லர் எதிலும் செடி கொடி ஒட்டாமல் சுத்தம் செய்துவிட்டுத்தான் சாலையில் எடுத்துப் போக வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் சட்டமே இருக்கிறது. அதாவது அந்த வேலை ஏரிக்கரையிலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனாலும் காய்ந்து ஒட்டிய ஒரு கொத்து எங்காவது தப்பித்து வந்திருக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்க அது போதும்.

கழுவிய பிறகு எல்லாரும் செய்யும் அடுத்த காரியம் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டுவது. செய்யாதீர்கள். ட்ரெய்லர் கால்வனைஸ் செய்ததாக இருந்தால் இது நேரடிக் கெடுதல். இரும்பின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு காற்றுப் படும்போதுதான் தனக்கென்று ஒரு கெட்டியான மேல்தோலை உருவாக்கிக்கொள்கிறது. ஈரத்தோடு காற்றில்லாமல் அடைத்துவைத்தால் அந்தத் தோல் உருவாகாது. மாவு தூவியது மாதிரி வெள்ளைத் துரு பூக்கும், பூச்சு கரையும். பெயின்ட் அடித்த ட்ரெய்லராக இருந்தாலும் தார்ப்பாய்க்குக் கீழே ஈரம் அடைபடுவது நல்லதில்லை. பனி விழட்டும், உருகட்டும், காற்று அடிக்கட்டும். இரும்புக்கு நனைவதால் வரும் கெடுதலைவிட உலராமலிருப்பதால் வரும் கெடுதல்தான் அதிகம். படகு உட்காரும் மரச்சட்டங்களுக்கு மட்டும், மேலே கம்பளம் போர்த்தியிருப்பதால், ஒரு நீளத் துண்டு பிளாஸ்டிக்கை அடிப்பக்கம் திறந்திருக்கும்படி தொங்கவிடலாம். கம்பளம் நீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், மரம் உளுத்துப்போகும்.

அந்த மரத்தைப் பற்றி ஓர் இடைச்சொருகல். உளுத்துப்போனதை மாற்றும்போது கடையில் பச்சை நிறத்தில் கிடக்கும், மருந்து ஏற்றிய மரத்தைத்தான் கை தானாக எடுக்கும். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரமான செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். எங்களைப் போல அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் மருந்தேற்றாத மரத்தை வாங்கி வார்னிஷ் அடித்துக்கொள்வது பத்திரம்.

சட்டம் குழாய் வடிவில் மூடிய இரும்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் தங்கும். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், அதற்கு இரும்பெல்லாம் ஒரு பொருட்டில்லை. மூக்குப் பக்கத்தை, அதாவது வண்டியில் மாட்டும் முன்முனையை, ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, பின்முனையில் இருக்கும் ஓட்டைகளை ஒரு கம்பியை விட்டுக் குடைந்துவிட்டால் நீர் வடிந்துவிடும். அந்த ஓட்டைகளில் சேறும் சிலந்திக் கூடும் அடைத்திருப்பது சகஜம். எலிகளும் உள்ளே போகும். முன்பக்கம் திறந்திருக்கும் குழாய் வாயில் இரும்புப் பஞ்சைத் திணித்துவிடுகிறேன். வயர்களைக் கடிக்காமல் இருந்தால் சரி.

மூக்கை உயர்த்துவதற்கு அங்கே இருக்கும் கைப்பிடி ஜாக்கியை நம்பக் கூடாது. டொராண்டோ வட்டாரத்தில் வீட்டு அஸ்திவாரத்தையே 1.2 மீட்டர் ஆழத்தில் போடச் சொல்கிறார்கள், நிலம் அவ்வளவு ஆழத்துக்கு உறையலாம் என்று. உறையும் மண் பொங்கி எழும், உருகும்போது குழையும். ஜாக்கியின் சின்னக் கால் புல் தரையில் நின்றால் மார்ச்சில் அது ஒரு பக்கம் சாய்ந்து, அடி சேற்றில் உறைந்து, ட்ரெய்லரே முறுக்கிக்கொண்டு நிற்கும். கான்கிரீட் பலகைக்கல் மேல் அகலமான மரக்கட்டைகளை அடுக்கி மூக்கை அதில் உட்காரவைத்துவிட்டு, ஜாக்கியை மேலே மடக்கிவிடுவதுதான் முறை. ஆக்சில் ஸ்டாண்டுகளுக்கும் கீழே அதே மாதிரி கல் வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதும் யோசிக்க வேண்டியதே. வீட்டுக் கூரையின் சரிவுக்கு நேர் கீழே வேண்டாம். பிப்ரவரியில் ஒரு நாள் வெயில் அடித்தால் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழும், பிளாஸ்டிக் மட்கார்டு அதைத் தாங்காது. முன்பக்கப் பாதையில் நிறுத்த நினைப்பவர்கள் நகராட்சி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் வேறு, பல ஊர்களில் முன்பக்கம் ட்ரெய்லர் நிற்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும்வரை தெரியாது, ஒரு நாள் தெரியும்.

விளக்கு விஷயம் சுருக்கமாக. நாலு வயரில் வெள்ளைதான் எர்த். விளக்கு எரியவில்லை, மினுக்குகிறது, இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து எரிகிறது என்று எந்தப் புகார் வந்தாலும் முதலில் அந்த வெள்ளை வயர் சட்டத்தில் திருகப்பட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நவம்பரிலேயே அந்தத் திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, திருகித் திரும்ப மாட்டி, மேலே மின் இணைப்பில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினால் மே மாதத்தில் அரை நாள் மிச்சம். படகை ட்ரெய்லர் மேல் இழுக்கும் வின்ச்சின் நாடாவையும் உருவி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். நைந்துபோன நாடா அறுந்து, படகு ரேம்ப்பில் பின்னால் வழுக்கிக்கொண்டு போனதை அங்கே வேறொருவருக்கு நடந்து பார்த்திருக்கிறேன்.

இவ்வளவையும் செய்ய ஒரு சனிக்கிழமை பிடிக்கும், இரண்டு பேர் இருந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். நண்பர் இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை, கப்பில் நகத்தை வைத்துப் பார்ப்பது அவர் வேலை. வசந்தத்தில் பாக்கி இருப்பது கொஞ்சம்தான். சக்கரத்தை மாட்டுவது, காற்றடிப்பது, விளக்கு பார்ப்பது. ஒன்று மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சை வைத்து மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தூரம் பண்ணைக்குப் போய்ச் சேரும்போதே ஆகிவிடுவதால், படகை ஏற்றுவதற்கு முன் களஞ்சிய வாசலிலேயே முறுக்கிவிடுகிறோம். காலி ட்ரெய்லர் துள்ளிக்கொண்டு போகும் என்பதால் அங்கே போகும்வரை வேகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.